எண் சொல்வதும் மண் சொல்வதும்

பினாங்குத் தீவின் நடுவே ஒரு மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. மலைக்குக் கிழக்கே ஜார்ஜ்டவுன் நகரமும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. மேற்கே இருப்பது பாலிக் புலாவ். மலாய் மொழியில் அப்பெயர் தீவின் பின்புறத்தைக் குறிக்கும். 1972ஆம் ஆண்டு இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் பொருத்து ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. அன்று முதல் மின்னணுச் சில்லுகள் இத்தீவிலிருந்து உலகெங்கும் சென்றுகொண்டிருக்கின்றன. மலையின் மறுபுறத்திலோ டுரியான், ஜாதிக்காய், கிராம்பு ஆகியவை சரிவுகளில் வளர்கின்றன. சுங்கை பூரோங் பக்கம் சமவெளியில் நெல் விளைகிறது. நெடுங்காலம் இவ்விரு பக்கங்களுக்கும் இடையே பெரிய தொடர்பு இருந்ததில்லை. தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள் டுரியான் பருவத்தில் மலைப்பாதை வழியே பழம் தின்னப் போவார்கள், அவ்வளவுதான். இன்று சில்லு மலையைக் கடந்து மண்ணுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

அதன் பெயர் மண் உணரி. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. அதன் அடியில் சில எஃகு முட்கள். அதை மண்ணில் குத்தி வைத்தால் ஈரப்பதம், வெப்பநிலை, அமிலத்தன்மை, மின்கடத்துதிறன் ஆகியவற்றை எண்களாகத் தரும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டுவதாகச் சொல்லும் உணரிகளும் சந்தையில் உண்டு. இந்த எண்கள் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. அங்கே செயற்கை நுண்ணறிவு அவற்றைப் படித்து, "இந்த வாரம் இவ்வளவு உரம் இடுக" என்று அறிவுரை சொல்கிறது. மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டைப் போல அது தெளிவாக இருக்கிறது. அந்தச் சீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இங்குள்ள கேள்வி.

கேள்வி சிறியதன்று. உரம் என்பது உழவருக்குப் பெரிய செலவு. யூரியா கெடா மாநிலத்தின் குரூனில் தயாராகிறது. ஆனால் சாம்பல்சத்து தரும் பொட்டாசு உப்புக்கு மலேசியாவில் சுரங்கமே இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகளின் சுரங்கங்களை உலகமே நம்பியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு உக்ரேன் போர் மூண்டபோது உர விலை எங்கும் ஏறியது. அதற்கு முந்திய ஆண்டில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. அதற்குள் நெல் விளைச்சல் பெரிதும் விழுந்துவிட்டது. மண்ணைப் பார்க்காமல் எடுக்கும் உர முடிவு எவ்வளவு தொலைவு பாயும் என்பதற்கு அது ஒரு சான்று.

குறைத்து இட்டால் விளைச்சல் விழும். கூட்டி இட்டால் பணம் மட்டும் வீணாவதில்லை. பயிர் உண்ணாத தழைச்சத்து மழைநீரோடு கரைந்து ஆற்றுக்குப் போகிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. புவியைச் சூடேற்றுவதில் அவ்வாயு கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலியது. மலேசியாவில் 1979ஆம் ஆண்டு முதல் நெல் உழவர்களுக்கு அரசு உதவி உரம் வழங்கி வருகிறது. நிலத்தின் பரப்பைக் கணக்கிட்டே அது வழங்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான உழவர்களுக்குக் கைகொடுத்த திட்டம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே அளவு நிலம் வைத்திருக்கும் இருவரின் மண் ஒரே தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் வயலுக்குப் போதாதது இன்னொருவர் வயலுக்கு மிகுதியாகலாம். அந்த வேறுபாட்டை அறிந்து இடுவதற்குத்தான் உணரியும் செயற்கை நுண்ணறிவும் துணைக்கு அழைக்கப்படுகின்றன.

மண்ணை அளந்து பார்த்து முடிவெடுக்கும் எண்ணம் புதியதன்று. திருக்குறளின் உழவு அதிகாரத்தில், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்வரை நிலத்தை உழுது காயவிட வேண்டும் என்னும் கருத்து வருகிறது. அதில் ஓர் எடைக் கணக்கு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் 1967ஆம் ஆண்டு மண்ணியலாளர் ராமமூர்த்தியும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்த எண்ணத்தை ஒரு சமன்பாடாக்கினர். எவ்வளவு விளைச்சல் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய். அதற்குப் பயிர் எவ்வளவு சத்து எடுக்கும் என்று கணக்கிடு. மண்ணே தரக்கூடியதைக் கழி. மீதியை உரமாக இடு. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இம்முறையைப் பல பயிர்களுக்கும் மண்வகைகளுக்கும் விரிவுபடுத்தி வந்திருக்கிறது. இன்றைய செயலிகளில் பல, உள்ளுக்குள் செய்வது ஏறத்தாழ இதே கழித்தல் கணக்குத்தான்.

அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்து எடுத்துக்கொள்ளும். 18 கிலோ என்றே வைத்துக்கொண்டால், எக்டருக்கு 5 டன் விளைய 90 கிலோ தேவை. அதில் 50 கிலோவை மண் தரும் என்று கொள்வோம். மீதி 40 கிலோ. இட்ட உரம் முழுவதும் பயிருக்குப் போவதில்லை. நீர் நிற்கும் வயலில் பாதிக்கும் குறைவாகவே போகிறது. பத்தில் நான்கு பங்கு போகிறது என்றால், 40 கிலோ உள்ளே செல்ல 100 கிலோ இட வேண்டும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் அது 217 கிலோ யூரியா ஆகும். அதாவது 50 கிலோ மூட்டை நான்கும் சற்று மேலும். இப்போது உணரி தவறிப்போய், மண் 70 கிலோ தரும் என்று சொல்லிவிட்டது என்று கொள்வோம். பற்றாக்குறை 20 கிலோவாகிறது. யூரியா 109 கிலோவாகக் குறைகிறது. மண்ணைப் பற்றிய எண்ணில் நேர்ந்த 20 கிலோ பிழை, இடும் உரத்தை நேர்பாதியாக்கிவிட்டது. கணக்கில் எந்தத் தவறும் இல்லை. கணக்குக்குள் நுழைந்த எண்ணில்தான் தவறு.

ஆகவே அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் தழைச்சத்தை அளக்க, டென்மார்க்கைச் சேர்ந்த யோகான் கெல்டால் 1883இல் கண்ட முறை இன்றளவும் பயன்படுகிறது. மண்ணை அமிலத்தில் கொதிக்க வைத்து, தழைச்சத்தை அம்மோனியாவாகப் பிரித்தெடுத்து அளப்பார்கள். அமில மண்ணில் உள்ள மணிச்சத்துக்கு 1945இல் பிரே, கர்ட்சு என்னும் இருவர் வகுத்த முறை உண்டு. இவை நேரம் பிடிப்பவை. சத்தையே கைப்பிடித்துப் பார்ப்பவை. மலிவு விலை உணரியின் முட்களோ மண் வழியே சிறிது மின்சாரத்தைச் செலுத்துகின்றன. அது எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் பார்த்து, தழைச்சத்து இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு, சாம்பல்சத்து இவ்வளவு என்று ஊகித்துச் சொல்பவையே அவற்றுள் பல. ஒரே அளவீட்டிலிருந்து மூன்று விடைகள். கூட்டத்தின் இரைச்சலை மட்டும் கேட்டு, உள்ளே ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர், குழந்தைகள் இத்தனை பேர் என்று சொல்வது போன்றது அது.

இதை எந்தப் பள்ளித் தோட்டத்திலும் சோதிக்கலாம். ஒரே மண்ணை இரண்டு தொட்டிகளில் நிரப்பி, ஒன்றுக்கு மட்டும் நீர் ஊற்றி, இரண்டிலும் இத்தகைய உணரியைக் குத்திப் பார்த்தால், ஈரத் தொட்டியில் மூன்று சத்துகளும் ஏறியிருப்பதாக எண் காட்டும். ஒரு துளி உரமும் சேர்க்கப்படவில்லை. நீர் மின்சாரத்துக்கு வழிவிட்டது. உணரி அதைச் சத்து என்று எடுத்துக்கொண்டது. மழைக்கு மறுநாள் எடுத்த அளவீட்டையும் பத்து நாள் வெயிலுக்குப் பின் எடுத்த அளவீட்டையும் ஒப்பிட்டு, "மண்வளம் குறைந்துவிட்டது" என்று ஒரு செயலி எச்சரித்தால், உரக் கடைக்கு ஓடுவதற்கு முன் வானிலையை நினைத்துப் பார்ப்பது நல்லது.

செபராங் பிறையின் கடலோர வயல்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் வரக்கூடும். பெனாகா போன்ற இடங்களில் நெல்வயல்கள் கடலுக்கு மிக அருகில் இருக்கின்றன. அத்தகைய நிலத்தில் உப்புநீர் புகுந்தால் மண்ணின் மின்கடத்துதிறன் சட்டென்று உயரும். உப்பு பயிருக்குப் பகை. ஆனால், மின்சாரத்தை மட்டும் பார்க்கும் உணரிக்கு உப்பும் உரமும் ஒன்றே. பயிர் கருகத் தொடங்கும் வயலைப் பார்த்து, "சத்து நிறைந்திருக்கிறது" என்று அது சொல்லக்கூடும். மலைச்சரிவில் இதற்கு எதிரான நிலை. பாலிக் புலாவின் குன்றுகள் கருங்கல் சிதைந்து உண்டான மண்ணால் ஆனவை. மழை மிகுந்த இப்பகுதியில் அத்தகைய மண் அமிலத்தன்மை மிக்கதாக இருக்கும். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பிடிபட்ட மணிச்சத்து நீரில் கரைவதில்லை. கரையாதது மின்சாரத்துக்குத் தெரிவதில்லை. ஆகவே பல ஆண்டுகளாக இட்ட மணிச்சத்து மண்ணில் குவிந்து கிடந்தாலும் உணரி அதைக் காண்பதில்லை. ஆய்வகத்துக்குப் போகாமல் இதை அறிய வழியில்லை.

செயற்கை நுண்ணறிவு இங்கே எப்படி உதவும்? உதவும், நன்றாகவே உதவும். ஆனால் அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். நூற்றுக்கணக்கான இடங்களில் உணரி காட்டிய எண்ணையும், அதே இடத்து மண்ணை ஆய்வகம் சோதித்துச் சொன்ன விடையையும் இணை இணையாகக் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பை அது கற்றுக்கொள்கிறது. ஈரம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, களிமண் இவ்வளவு என்றால் இந்த மின்கடத்துதிறனுக்கு இதுதான் பொருள் என்று பிரித்தறியப் பழகுகிறது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத ஒழுங்குகளைக்கூட அது கண்டுபிடிக்கலாம். மகாராஷ்டிர மாநிலத்தின் பாராமதியில் ஒரு வேளாண் அறக்கட்டளை, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு கரும்பு வயல்களில் இவ்வழியில் முயன்று வருகிறது. மண் உணரி, வானிலைக் கருவி, செயற்கைக்கோள் படம் ஆகிய மூன்றையும் செயற்கை நுண்ணறிவு சேர்த்துப் படித்து, நீரும் உரமும் எப்போது, எங்கே வேண்டும் என்று உழவரின் கைப்பேசிக்கு அவர் மொழியிலேயே செய்தி அனுப்புகிறது. அங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த அறக்கட்டளை ஒரு வேளாண் அறிவியல் நிலையத்தையே நடத்துகிறது. மண் ஆய்வகமும் பயிர் அறிந்த வல்லுநர்களும் அருகிலேயே இருக்கிறார்கள். வெறும் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பாராமதியின் கரும்பு வயல்களில் பாடம் கற்ற செயற்கை நுண்ணறிவு பினாங்குக்கு வந்தால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் செபராங் பிறையும் கரும்பு விளைந்த பூமிதான். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் அக்கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். பயிர் ஒன்றாக இருக்கலாம், மண் ஒன்றன்று. தக்காணத்தின் கரிய மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. மலேசிய மண்ணோ பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அங்கே சரியாகச் சொன்ன கருவி இங்கே நம்பிக்கையோடு தவறு சொல்லும். அவ்வளவு தூரம் போவானேன், செபராங் பிறையின் வண்டல் களிமண்ணில் பழகிய கருவி, கடலைத் தாண்டிப் பாலிக் புலாவின் சரிவுக்கு வந்தாலே தடுமாறும். பெர்த்தாமில் உள்ள மார்டி நிறுவனத்தின் நிலையம் நெல் ஆராய்ச்சிக்குப் பேர்பெற்றது. அத்தகைய உள்ளூர் நிலையங்களும் வேளாண் துறையின் ஆய்வகங்களும் சேர்த்து வைக்கும் மண் சோதனை விடைகளே இவ்வட்டாரத்துச் செயற்கை நுண்ணறிவுக்கு உண்மையான பாடநூல். அந்தப் பாடநூல் மெல்லியதாக இருந்தால், கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதன் அறிவும் மெல்லியதாகவே இருக்கும்.

உரையாடும் செயலிகளிடம் எண்களைக் கொடுத்து விடை கேட்கும் பழக்கமும் பரவி வருகிறது. மகனோ மகளோ கைப்பேசியில் தட்டச்சு செய்ய, தோட்டக்காரர் பக்கத்தில் அமர்ந்து விடையைக் கேட்கும் காட்சி இனி அரிதாக இருக்காது. இங்கே அலகுகள் ஏமாற்றிவிடும். உணரி ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். உர அறிவுரையோ ஓர் எக்டருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். ஓர் எக்டர் நிலத்தின் மேலடுக்கு, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை, ஏறத்தாழ 20 இலட்சம் கிலோ எடை இருக்கும். ஆதலால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பது எக்டருக்குச் சுமார் 2 கிலோ. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் விடை பாதியாகிவிடும். உர மூட்டையின் மேல் இருக்கும் எண்களிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 12:12:17 என்று அச்சிட்ட 50 கிலோ மூட்டையில் 6 கிலோ மணிச்சத்து இருப்பதாகத் தோன்றும். அந்த எண் பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்னும் சேர்மத்தின் அளவு. அதிலுள்ள பாஸ்பரஸ் மட்டும் சுமார் 2.6 கிலோதான். எந்த அலகில் கேட்கிறோம் என்று சொல்லாமல் கேட்டால், செயலி தானே ஓர் அலகை ஊகித்துக்கொண்டு தயங்காமல் விடை சொல்லிவிடும். தயக்கமின்மைதான் அதன் பெரிய குறை என்றுகூடச் சொல்லலாம். அனுபவமுள்ள வேளாண் அலுவலர் ஒருவர் என்றால், விடை சொல்வதற்கு முன், "மண்ணை எங்கே எடுத்தீர்கள்? கடைசியாக எப்போது உரம் இட்டீர்கள்?" என்று கேட்பார்.

எங்கே எடுத்தீர்கள் என்னும் கேள்வி அற்பமானதன்று. ஆய்வகத்துக்கு மண் அனுப்பும்போது, நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பதினைந்து இருபது இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகக் கலப்பது வழக்கம். உணரி தன் முட்களைச் சுற்றியுள்ள சில சென்டிமீட்டர் மண்ணை மட்டுமே அறியும். நேற்று தூவிய உரத்தின் ஒரு மணி அங்கே விழுந்து கரைந்திருந்தால், தோட்டம் முழுவதும் செழிப்பாக இருப்பதாக அது எண்ணிக்கொள்ளும்.

அமிலத்தன்மையைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பினாங்கு மண்ணில் பெரும்பாலும் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவுகோலில் 6இலிருந்து 5க்கு இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 4க்கு இறங்கினால் நூறு மடங்கு. 5க்குக் கீழே போகும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கெடுக்கிறது. வேர் கெட்ட மரத்தின் இலை வெளிறும். இலை வெளிறியதைக் கண்டு தழைச்சத்து போதவில்லை என்று யூரியா இட்டால், யூரியா மண்ணை மேலும் அமிலமாக்கும். அடுத்த பருவத்தில் இலை இன்னும் வெளிறும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்பிரெங்கல், லீபிக் ஆகிய அறிஞர்கள் சொன்ன விதி இங்கே நினைவுக்கு வருகிறது: பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது நிறைய இருக்கும் சத்து அன்று, மிகக் குறைவாக இருப்பதே. மரப்பலகைகளால் ஆன பீப்பாயில் ஒரு பலகை குட்டையாக இருந்தால், நீர் அந்தப் பலகையின் உயரம்வரைதான் நிற்கும். மற்றப் பலகைகளை நீட்டிப் பயனில்லை. அமில மண்ணில் குட்டைப் பலகையை நீட்டுவது பெரும்பாலும் அரைத்த சுண்ணாம்புக்கல்தான். அதன் விலை உரத்தைவிடக் குறைவு. அமிலத்தன்மையைக் கேட்காமல் உர அளவு சொல்லும் செயலியை ஒதுக்கிவிடுவதே மேல்.

இனி, காலம். டுரியான் மரம் சில வார வறட்சிக்குப் பின் பூக்கிறது. பூத்து, பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் தழைச்சத்து மிகுதியாகக் கிடைத்தால் மரம் புதுத் துளிர் விடத் தொடங்கும். துளிரும் பிஞ்சும் ஒரே உணவுக்குப் போட்டியிடும், பிஞ்சுகள் உதிரும். "மண்ணில் தழைச்சத்து குறைவு, உடனே இடுக" என்ற செய்தி அந்த வாரத்தில் வந்தால், எண் சரியாகவே இருந்தாலும் அறிவுரை தவறு. மரம் பூத்திருக்கிறது என்பதை மண்ணுக்குள் இருக்கும் உணரி அறியாது. அண்ணாந்து பார்ப்பவர் அறிவார். அவர் அதைச் செயலிக்குச் சொன்னால் செயலியும் அறியும். நல்ல செயலி அதைக் கேட்கும்.

நெல்லுக்கு இத்தகைய கண் அளவீட்டை முறைப்படுத்தியே வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் பரப்பிய இலை வண்ண அட்டை என்னும் சிறு பிளாஸ்டிக் பட்டையில், வெளிர் மஞ்சள் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில கட்டங்கள் இருக்கும். வயலில் இறங்கி, இலையை அந்தப் பட்டையின் மேல் வைத்து, எந்தக் கட்டத்தோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். இலை குறிப்பிட்ட நிறத்தைவிட வெளிறியிருந்தால் தழைச்சத்து இட வேண்டும்; இல்லையென்றால் பொறுக்கலாம். மின்கலம் வேண்டாம், இணையம் வேண்டாம். மண்ணில் என்ன இருக்கிறது என்பதைவிட, பயிர் என்ன உண்டது என்பதை அது காட்டுகிறது. உணரி ஒன்று சொல்லி, இலை வேறொன்று சொன்னால், இலையின் பக்கம் சாய்பவர் பெரும்பாலும் நட்டப்படமாட்டார்.

இந்தியாவில் 2015 பிப்ரவரி 19ஆம் நாள் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், உழவர்களின் மண்ணை ஆய்வகங்களில் 12 கூறுகளுக்குச் சோதித்து அட்டையாகத் தருகிறார்கள். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் எண்கள் நிறைந்த ஓர் அட்டை கையில் வந்தவுடன் முடிவு பிறந்துவிடுவதில்லை. அதைப் படித்து விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும். செயற்கை நுண்ணறிவு உண்மையாகவே நிரப்பக்கூடிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. ஆய்வகம் சோதித்த எண், உணரி காட்டும் அன்றாட ஈரமும் வெப்பமும், வரப்போகும் மழை, பயிரின் வயது, உழவர் சொல்லும் செய்தி ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, எளிய தமிழிலோ மலாயிலோ சீன மொழியிலோ காரணத்தோடு எடுத்துரைப்பது பெரிய உதவி. நாளை கனமழை வரும் என்பதால் இன்று யூரியா தூவ வேண்டாம் என்று சொல்வதே ஒரு மூட்டையின் விலையை மிச்சப்படுத்தும். ஈரத்தையும் வெப்பத்தையும் அளப்பதில் சாதாரண உணரிகளும் நன்றாகவே பணி செய்கின்றன. அவற்றால் இயன்றதை அவற்றிடம் கேட்பதில் தவறில்லை.

ஆனால் அறிவுரை பொய்த்தால் நட்டம் யாருக்கு? செயலியை எழுதியவருக்கு விளைச்சல் குறைவதில்லை. இரண்டு ஏக்கர் நெல்லை நம்பி வாழும் குடும்பம் ஒரு பருவத்தை இழந்தால், அடுத்த பருவத்துக்கு விதையும் உரமும் வாங்கக் கடன்படும். ஆதலால்தான் விடை மட்டும் போதாது. அதற்கான காரணமும் அது எவ்வளவு உறுதியானது என்பதும் கூடவே வர வேண்டும். "100 கிலோ" என்பதைவிட, "80 முதல் 120 கிலோ வரை, உங்கள் மண்ணில் மணிச்சத்தை ஆய்வகத்தில் சோதித்துவிட்டுத் தொடர்க" என்று சொல்லும் செயலி நேர்மையானது. கேட்பவருக்கு முதலில் அது சலிப்பூட்டலாம்.

முன்னெச்சரிக்கையுள்ள உழவர்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஆராய்ச்சி நிலையங்களிலும் அது வழக்கத்தில் இருக்கிறது. செயலி சொன்னபடி வயல் முழுவதற்கும் உரமிடும்போது, ஓரமாக ஒரு சிறு பகுதியை வரப்பு கட்டிப் பிரித்து, அங்கே தழைச்சத்து மட்டும் இடாமல் விட்டுவிடுவார்கள். மற்றச் சத்துகள் எல்லாம் ஒரே அளவில் போகும். நீர் கலந்துவிடாதபடி பார்த்துக்கொள்வார்கள். அறுவடையின்போது அந்தப் பகுதியின் நெல்லைத் தனியே அடித்து, காயவைத்து, தராசில் நிறுத்துவார்கள். உரமில்லாமல் அந்த மண் தானாகவே எவ்வளவு தழைச்சத்தைக் கொடுத்தது என்பதற்கு அந்த எடையே விடை. முன்பு போட்ட கணக்கில் 50 என்றும் 70 என்றும் தடுமாறிய எண் அதுதான். குறிப்பேட்டில் அதை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பருவம் உணரியை மண்ணில் குத்துவதற்கு முன் செயலிக்குள் அந்த எண்ணைத் தட்டச்சு செய்வார்கள்.